868 ஹோம் ரன் அடித்த "வெளிநாட்டவர்"

வழமைபோல இதுவும் கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

பேஸ்போல் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் சிலர் சிரிப்பீர்கள். நமக்குக் கிரிக்கட்டை விட்டால் பந்தும் பொல்லும் சேர்ந்த விளையாட்டு எல்லே மட்டும்தான். ஆனால் எல்லே பார்த்துப் பழகியவர்களுக்கு பேஸ்போல் விளங்குவது கஷ்டமில்லை. பந்தை அடித்துவிட்டு நிலைகளைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். பந்து எல்லைச் சுவரைத் தாண்டி விழுந்தால் அது ஹோம் ரன். அடித்தவர் ஆறுதலாகச் சுற்றி வரலாம். நமது சிக்ஸர் போலத்தான், ஆனால் அவ்வளவு மலிவானதல்ல. ஒரு பருவம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட போட்டிகள் ஆடி 30 ஹோம் ரன் அடித்தாலே அவரைப் பெரிய அடிகாரர் என்பார்கள்.

இன்னுமொன்றையும் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். கிரிக்கட்டில் வைட் போட்டால் ஒரு ஓட்டம் கூடும், துடுப்பாட்ட வீரர் அடுத்த பந்தை அடிக்கலாம். பேஸ்போலில் அப்படியில்லை. நான்கு பந்து வெளியே போனால் அடிப்பவர் முதலாம் நிலைக்கு நடந்து போக வேண்டியதுதான். அடிக்கிற சந்தர்ப்பம் அத்தோடு முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் பிற்பகுதி முழுவதும் அந்த நான்கு பந்தில்தான் தொங்குகிறது.

கதைக்குரியவர் பெயர் சதஹரு ஓ. ஒற்றை எழுத்துத்தான் குடும்பப் பெயர். சீனத்தில் அதை 'வாங்' என்பார்கள். எழுதுகிற குறி ஒன்றே, பொருளும் ஒன்றே: அரசன்.

1957இல் அவர் டோக்கியோவில் உயர்தரப் பாடசாலை மாணவர். ஜப்பானில் கோஷியென் மைதானத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் கோடையிலும், அகில நாட்டுப் பாடசாலை பேஸ்போல் போட்டி நடக்கும். நம் நாட்டுப் பெரிய பாடசாலைகளின் பிக் மெச் பரபரப்பை நாடு முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள், அதுதான் கோஷியென். அந்த வசந்தத்தில் ஓவின் பாடசாலையான வசேதா ஜிட்சுகியோ சம்பியனானது. ஓ அப்போது பந்து வீச்சாளர். விரலில் கொப்புளம் உடைந்து இரத்தம் வழிய வழிய வீசினார். மகனின் விரல் செய்தி கேட்டு, டோக்கியோவில் இருந்த தந்தை சீன வைத்தியம் ஒன்றை எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்து, போட்டுவிட்டுத் திரும்பிப் போனார் என்று ஓ தமது சுயசரிதையில் சொல்கிறார்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் தேசிய விளையாட்டு விழா வந்தது. பாடசாலை அணி தெரிவானது. ஓ மட்டும் ஆட முடியாது என்றார்கள். காரணம் விரலுமல்ல, புள்ளியுமல்ல. அந்த விழாவில் ஜப்பானியப் பிரஜைகள் மட்டுமே பங்குபற்றலாம். ஓ பிரஜை அல்ல.

பிறந்தது டோக்கியோவில், 1940இல். தாய் ஜப்பானியப் பெண். பேசிய மொழி ஜப்பானிய மொழி. சீன மொழி அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அக்கால ஜப்பானியச் சட்டத்தில் பிரஜாவுரிமை தந்தை வழியாகத்தான் வரும். தந்தை ஷிஃபுகு ஓ சீனாவின் ஜெஜியாங் மாகாணத்துக் கிராமமொன்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். டோக்கியோவின் சுமிதா பகுதியில் சிறிய சீன நூடில்ஸ் கடை வைத்திருந்தார். அவருக்கு பேஸ்போலில் எந்த ஆசையும் இருக்கவில்லை. மூத்த மகன் வைத்தியராக வேண்டும், இளைய மகன் மின் பொறியியலாளராக வேண்டும், இருவரும் ஒரு நாள் தமது கிராமத்துக்குப் போய் அங்குள்ளவர்களுக்கு உதவ வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. மூத்தவர் வைத்தியரானார். இளையவர் பந்தடிக்கப் போனார்.

பதினேழு வயதுப் பிள்ளை. வசந்தத்தில் நாட்டின் செல்லப்பிள்ளை, இலையுதிரில் வெளியாள். ஓ இதைப் பற்றிப் பின்னாளில் கூச்சல் போட்டவரல்ல. ஆனால் அந்த அடி தமக்குள் தங்கிவிட்டது என்பதை மறைக்கவுமில்லை.

இனி அவரது ஆட்டத்துக்கு வருவோம்.

1959இல் யோமியூரி ஜயன்ட்ஸ் அணி அவரை எடுத்தது. ஜப்பானின் ஆகப் பணக்கார, ஆகப் பிரபலமான அணி. எடுத்ததும் பந்து வீசுவதை நிறுத்தி, முதலாம் நிலையில் நிற்க வைத்து அடிகாரராக்கினார்கள். முதல் 26 தடவையும் ஒரு தரமான அடி கூட விழவில்லை. 27ஆவது தடவை விழுந்தது ஹோம் ரன். நல்ல சகுனம் என்று நினைப்பீர்கள். இல்லை. அந்தப் பருவத்தில் அவரது சராசரி .161. அதாவது ஆறு தடவைக்கு ஒரு தடவை கூட உருப்படியாக அடிக்கவில்லை. மூன்று தடவை தவறவிட்டு ஆட்டமிழப்பதை ஜப்பானிய மொழியில் 'சன்ஷின்' என்பார்கள். ரசிகர்கள் அவரது பெயரை வைத்தே பாட்டுக் கட்டினார்கள்: "ஓ, ஓ, சன்ஷின் ஓ." தவறவிடுவதில் அரசன் என்று பொருள். பெயரே கேலிக்கு வாய்ப்பாகிவிட்டது.

மூன்று வருடம் இப்படியே போனது. திறமை இருந்தும் நிலையில்லாத ஆட்டம், இரவானால் கின்சா பகுதியில் கேளிக்கை. இந்த இடத்தில்தான் ஹிரோஷி அரகாவா வருகிறார்.

உண்மையில் அவர் வந்தது இரண்டாம் தடவை. 1954இல் சுமிதா பூங்காவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது, அவ்வழியால் போன அரகாவா நின்று பார்த்தார். அவரும் அப்போது தொழில்முறை வீரர். ஒரு பையன் இடக்கையால் பந்து வீசுகிறான், ஆனால் வலக்கைக்காரனாக நின்று அடிக்கிறான். ஏன் என்று கேட்டார். வலக்கையால்தான் எல்லாம் செய்ய வேண்டுமென்பது வீட்டில் தந்தையின் கண்டிப்பு. இடப்பக்கமாக நின்று அடித்துப் பார் என்றார் அரகாவா. பையன் அடித்தான், பந்து பறந்தது. அதே அரகாவா 1962இல் ஜயன்ட்ஸ் அணியின் துடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளராக வந்து சேர்ந்தார். ரப்பு நாடியிருந்தால் ஒரு மனிதரை இரண்டு தடவை அனுப்பி வைப்பான் போலும்.

அரகாவா அய்கிதோ என்ற தற்காப்புக் கலையின் தாபகர் மொரிஹேய் உயேஷிபாவிடம் படித்தவர். ஓவின் குறை அவருக்குப் பிடிபட்டது: பந்து வருவதற்கு முன் கை அவசரப்படுகிறது, உடம்பு முன்னால் சரிகிறது. இதற்கு அவர் கண்ட வழி விசித்திரமானது. பந்து வரும்போது வலக்காலை வயிறு வரை தூக்கி, ஒற்றைக் காலில் நில். ஒற்றைக் காலில் நிற்பவன் அவசரப்பட்டால் விழுந்துவிடுவான். ஆகவே காத்திருக்கப் பழகுவான். 1962 ஜூலை 1ஆம் திகதி முதல் தடவையாக அப்படி நின்றார். அன்று ஐந்து தடவையில் மூன்று அடி, அதில் ஒன்று ஹோம் ரன். அதுவரை அந்தப் பருவத்தில் ஒன்பது ஹோம் ரன் அடித்திருந்தவர், பருவம் முடியும்போது 38இல் நின்றார்.

பார்ப்பவர்களுக்கு ஒற்றைக் கால் மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்ததையும் சொல்ல வேண்டும். போட்டி முடிந்து இரவில் அரகாவாவின் வீட்டுக்குப் போவார். பாய் விரித்த அறையில் கால் தேயத் தேய மட்டையை வீசுவார். கூரையிலிருந்து ஒரு தாள் துண்டைத் தொங்கவிட்டு, உண்மையான வாளால் அதை வெட்டச் சொல்வார் அரகாவா. செய்து பார்த்தால்தான் இதன் கஷ்டம் தெரியும். தொங்கும் தாளை வேகமாக அடித்தால் அது காற்றில் ஒதுங்கிப் போகும். வாளின் வாய் வழியாக, வளையாத ஒரே கோட்டில் போனால்தான் அறுபடும். அந்தக் கோட்டைத்தான் அவர்கள் பந்துக்குக் கொண்டுபோனார்கள். பந்தைப் பலத்தால் அடித்தவர் என்று ஓவைச் சொல்வது சரியில்லை. ஐந்தடி பத்து அங்குலம் அளவான சாதாரண உடம்பு அவருடையது.

1964இல் 55 ஹோம் ரன். ஜப்பானில் அது புதிய சாதனை. அந்த ஆண்டே ஹிரோஷிமா அணி கணினியில் கணக்குப் போட்டு, ஓவின் பந்து எப்போதும் வலப்பக்கமாகவே போகிறது என்று கண்டு, ஆறு பேரை வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. இடப்பக்கம் வெறும் புல்வெளி. மெதுவாக அந்தப் பக்கம் தட்டிவிட்டால் போதும், அடி நிச்சயம். ஓ தட்டவில்லை, தம் வழியிலேயே அடித்தார். பந்து மதிலுக்கு மேலால் போனால் கீழே ஆறு பேர் நின்றால் என்ன, அறுபது பேர் நின்றால் என்ன.

மிச்சக் கணக்கை வேகமாகச் சொல்கிறோம். 1962 முதல் 1974 வரை பதின்மூன்று வருடம் தொடர்ந்து அவரது லீக்கில் ஆகக் கூடுதலாக ஹோம் ரன் அடித்தவர் அவர்தான். பின்னர் இன்னும் இரண்டு தடவை. 1965 முதல் 1973 வரை ஜயன்ட்ஸ் அணி ஒன்பது வருடம் தொடர்ந்து தேசிய சம்பியன். அந்த அணியில் ஷிகெயோ நகஷிமா என்ற இன்னொரு வீரரும் இருந்தார். மக்களின் முதல் அன்பு எப்போதும் நகஷிமாவுக்குத்தான். ஓவுக்குக் கிடைத்தது மரியாதை. அன்புக்கும் மரியாதைக்கும் இடையிலிருந்த அந்தச் சாணில் பிரஜாவுரிமைக்கும் ஒரு பங்கு இருந்ததா என்பது ஜப்பானியர்களே இன்றுவரை கதைக்கும் விடயம்.

எதிரணிகள் அவருக்கு எவ்வளவு பயந்தன என்பதற்கு ஓர் எண் போதும். வாழ்நாளில் 2390 தடவை, அந்த நான்கு வெளிப்பந்தால் அவர் முதலாம் நிலைக்கு நடந்து போயிருக்கிறார். ஜப்பானில் அதுவும் ஒரு சாதனை.

அமெரிக்காவின் ஹாங்க் ஆரன் 755 ஹோம் ரன்னோடு 1976இல் ஓய்வு பெற்றார். 1977 செப்டெம்பர் 3ஆம் திகதி டோக்கியோவின் கொராகுவென் மைதானத்தில் ஓ தமது 756ஆவதை அடித்தார். சுற்றி ஓடி வந்த பின், பெற்றோர் மைதானத்துக்குள் அழைக்கப்பட்டார்கள். தமக்குக் கிடைத்த நினைவுப் பரிசை ஓ அவர்களின் கையில் கொடுத்தார். பொறியியலாளராக வராத மகனுக்குப் பக்கத்தில் நூடில்ஸ் கடைக்காரத் தந்தை.

இரண்டு நாள் கழித்து, செப்டெம்பர் 5, பிரதமர் தக்கேயோ ஃபுகுடா ஒரு விருதை வழங்கினார். அப்போதுதான் புதிதாக ஏற்படுத்தப்பட்ட விருது. முதல் ஆளாகப் பெற்றவர் ஓ. அந்த விருதின் ஜப்பானியப் பெயரைத் தமிழில் சொன்னால் 'நாட்டு மக்கள் கௌரவ விருது' என்று வரும். நாட்டு மக்கள், அதாவது பிரஜைகள். முதலில் பெற்றவர் பிரஜை அல்ல. அவர் கையிலிருந்தது சீனக் குடியரசின், அதாவது தாய்வானின் கடவுச்சீட்டு. 1972இல் ஜப்பான் பீஜிங்கை அங்கீகரித்து தாய்வானுடன் இராஜதந்திர உறவை முறித்துவிட்டிருந்தது. ஆகவே தனது ஆகப் பெரிய மக்கள் கௌரவத்தை ஜப்பான், தான் அங்கீகரிக்காத அரசொன்றின் கடவுச்சீட்டு வைத்திருந்த மனிதருக்கு வழங்கியது. இருபது வருடத்துக்கு முன் பாடசாலைப் பையனை வெளியே நிறுத்திய அதே நாடுதான்.

அவர் விரும்பியிருந்தால் ஜப்பானியப் பிரஜையாகியிருக்கலாம். கேட்டால் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் கேட்கவில்லை. தந்தையின் கடவுச்சீட்டையே வைத்துக்கொண்டார்.

1980இல் ஓய்வு பெற்றபோது கணக்கு 868. கடைசிப் பருவத்திலும் 30 அடித்தார். அதை ஒரு வீழ்ச்சி என்று கருதி விலகினார்.

இந்த 868ஐ அமெரிக்கர் பலர் ஏற்பதில்லை. ஜப்பானிய மைதானங்கள் சிறியவை, வீச்சாளர்களின் தரம் குறைவு, அழுத்திக் கெட்டியாக்கிய மரத்தால் செய்த மட்டை பாவித்தார் என்பார்கள். மட்டை விடயம் உண்மை. அப்போது அது அனுமதிக்கப்பட்டிருந்தது, 1981இல்தான் தடை வந்தது. மறுபக்கம், ஜப்பானியப் பருவத்தில் போட்டிகள் குறைவு. அடிக்கிற சந்தர்ப்பமும் குறைவு. இரண்டையும் தராசில் போட்டு யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கு வேண்டாம். ஆரனும் ஓவுமே அதில் சண்டை பிடிக்கவில்லை. 1974இல் கொராகுவெனில் இருவரும் நேருக்கு நேர் ஹோம் ரன் அடிக்கும் போட்டி நடந்தது, 10க்கு 9 என்று ஆரன் வென்றார். பின்னர் இருவரும் சேர்ந்து உலகச் சிறுவர்களுக்கான பேஸ்போல் விழாவொன்றையே ஆரம்பித்தார்கள். கறுப்பினத்தவர் என்பதற்காக, பேப் ரூத்தின் 714ஐ நெருங்கிய நாட்களில் கொலை மிரட்டல் கடிதங்களை வாங்கியவர் ஆரன். இருவருக்கும் தங்களுக்குள் கதைக்க நிறைய இருந்திருக்கும்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல வெற்றிக் கதை. ஆனால் வரலாற்றை அரைவாசியில் நிறுத்துவது சரியல்ல.

1985. ஓ இப்போது ஜயன்ட்ஸ் அணியின் முகாமையாளர். எதிரணியான ஹன்ஷின் டைகர்ஸில் ராண்டி பாஸ் என்ற அமெரிக்கர் 54 ஹோம் ரன் அடித்துவிட்டார். ஓவின் 55க்கு ஒன்றுதான் குறைவு. பருவத்தின் கடைசிப் போட்டி ஓவின் அணியுடன். பாஸ் வந்து நிற்க நிற்க, பந்து வெளியே வெளியே போனது. நான்கு பந்து, நடந்து போ. திரும்பவும் நான்கு பந்து, நடந்து போ. 54இலேயே முடிந்தது. தாம் அப்படி உத்தரவிடவில்லை என்றார் ஓ. பாஸுக்கு நல்ல பந்து வீசினால் ஒவ்வொன்றுக்கும் 1000 டொலர் அபராதம் என்று பயிற்றுவிப்பாளர் ஒருவர் சொன்னதாக அந்த அணியிலிருந்த அமெரிக்க வீச்சாளர் ஒருவர் பின்னர் கூறினார்.

2001. ஓ ஃபுகுவோகா நகரின் டையே ஹாக்ஸ் அணி முகாமையாளர். கின்டெட்சு அணியின் டஃபி ரோட்ஸ், இவரும் அமெரிக்கர், 55ஐ எட்டிவிட்டார். இன்னும் ஒன்று அடித்தால் புதிய சாதனை. ஓவின் அணியுடன் போட்டி. மீண்டும் அந்த நான்கு பந்து. இம்முறை ஹாக்ஸ் பயிற்றுவிப்பாளர் ஒருவர், அது தமது உத்தரவு என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். வெளிநாட்டவர் ஒருவர் ஓவின் சாதனையை முறியடிப்பதைப் பார்க்கத் தமக்கு விருப்பமில்லை என்றார். லீக் ஆணையாளர் கண்டித்தார். ஆனாலும் ரோட்ஸ் 55இலேயே நின்றார். அடுத்த ஆண்டு வெனிசுவேலாக்காரர் அலெக்ஸ் கப்ரேராவும் 55இல் நின்றார்.

வெளிநாட்டவர் கையில் போகாமல் காப்பாற்றப்பட்ட சாதனை யாருடையது? தாய்வான் கடவுச்சீட்டுக்காரருடையது. அந்தப் பயிற்றுவிப்பாளருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் அவர் மனதில் ஓ 'நம்மவர்', ரோட்ஸ் 'மற்றவர்'. 1957இல் ஓவை வெளியே வைத்த வேலி பிடுங்கப்படவில்லை. கொஞ்சம் நகர்த்தி நடப்பட்டு, ஓ உள்ளே வந்திருந்தார், அவ்வளவுதான். உத்தரவு ஓவின் வாயிலிருந்து வந்தது என்று நாம் சொல்லவில்லை, அதற்கு ஆதாரமுமில்லை. ஆனால் 1985இல் தமது அணி வீச்சாளரிடம் நடந்து போய் "நேரே வீசு" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேலிக்கு வெளியே நின்ற அந்தப் பதினேழு வயதுப் பையனுக்கும் சேர்த்து அது ஒரு பதிலாக இருந்திருக்கும் என்று நமக்குப் படுகிறது. அவரை மதிப்பதாலேயே இதை எழுதுகிறோம்.

அவரது பொறுமையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜயன்ட்ஸ் அணி 1988இல் அவரை முகாமையாளர் பொறுப்பிலிருந்து போகவிட்டது. ஹாக்ஸுக்கு வந்த பிறகும் முதல் வருடங்கள் தோல்விதான். 1996 மே மாதம் ஒசாகாவில் ஒரு தோல்விக்குப் பின் சொந்த ரசிகர்களே அணியின் பஸ்ஸுக்கு முட்டை எறிந்தார்கள். 868 அடித்த மனிதர் கண்ணாடியில் வழியும் முட்டையைப் பார்த்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். இவ்வளவு கோபப்படுபவர்கள்தான் உண்மையான ரசிகர்கள், நாம் வென்றால் சரி என்ற கருத்தில் தமது வீரர்களிடம் சொன்னார். 1999இல் அந்த அணி தேசிய சம்பியனானது. 2003இல் மறுபடியும். 2006 மார்ச்சில் முதலாவது உலக பேஸ்போல் கிளாசிக் போட்டியில், கியூபாவை 10-6 என வென்ற ஜப்பான் தேசிய அணியின் முகாமையாளரும் அவர்தான். தேசிய விழாவில் ஆட விடப்படாதவர், தேசிய அணியை வழிநடத்தி உலகக் கிண்ணம் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜூலையில் புற்றுநோய் காரணமாக அவரது வயிற்றுப் பை முழுவதுமாக அகற்றப்பட்டது. அடுத்த பருவத்துக்குத் திரும்பி வந்தார்.

55 என்ற எண் 2013இல் விழுந்தது. யகுல்ட் அணியின் விளாடிமிர் பலென்டியன், குராசோ தீவைச் சேர்ந்தவர், 60 அடித்தார். இம்முறை எவரும் நான்கு பந்து வைத்து அவரை நிறுத்தவில்லை.

பிறகு 2022. யகுல்ட் அணியின் முனெதக்கா முரகாமி, வயது 22, பருவத்தின் கடைசிப் போட்டியில் தமது 56ஆவது ஹோம் ரன்னை அடித்தார். பலென்டியனின் 60 அப்படியே இருந்தது. ஆகவே ஜப்பானியப் பத்திரிகைகள் வேறொரு தலைப்புப் போட்டன: ஜப்பானிய வீரர் ஒருவர் ஒரு பருவத்தில் அடித்த ஆகக் கூடிய ஹோம் ரன். 58 வருடம் நின்ற பழைய சாதனை முறியடிக்கப்பட்டது என்று எழுதினார்கள். அந்தப் பழைய "ஜப்பானிய வீரர்" யாரென்று பார்த்தால், 1964, சதஹரு ஓ, 55.